வெள்ளக் காலத்து இறப்பர் படகுக்கு ஏற்ற இயந்திரம் எது?

மாரி காலம் நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் தாழ்நிலக் கிராமங்கள் ஒரே கேள்வியை எதிர்நோக்குகின்றன. வீதி மூழ்கிய பின்னர் கர்ப்பிணித் தாயையோ, நோயுற்ற முதியவரையோ, குழந்தைகளையோ எவ்வாறு மேட்டுநிலத்துக்குக் கொண்டு சேர்ப்பது என்பதே அக்கேள்வியாகும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல கிராமங்கள் ஓரிரவுக்குள் நீரில் மூழ்கின. 2024 நவம்பர் இறுதியில் அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இளம் உயிர்கள் பலியாகின. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி நாடு முழுவதிலும் 600க்கும் அதிகமான உயிர்களைக் காவு கொண்டது.

இவ்வேளைகளில் கடற்படையினரும், கண்ணாடியிழைப் படகுகளை லொறிகளில் ஏற்றிச் சென்ற கரையோர மீனவர்களும் ஆற்றிய பணி பெரிது. எனினும் வெளியிலிருந்து படகு வந்து சேரும் வரை கழியும் மணித்தியாலங்களே பல வேளைகளில் உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்டவையாக அமைந்து விடுகின்றன. ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கமோ, சனசமூக நிலையமோ, விளையாட்டுக் கழகமோ தனக்கென ஒரு காற்றடைத்த இறப்பர் படகை வைத்துக்கொள்ள விரும்புவதும், புலம்பெயர்ந்த உறவுகள் அதற்கு நிதியுதவ முன்வருவதும் இயல்பானதே. படகை வாங்குவது எளிது. அப்படகுக்குப் பொருத்தமான வெளியிணைப்பு இயந்திரத்தைத் தெரிவு செய்வதிலேயே தவறுகள் நேர்கின்றன. தவறான இயந்திரம் பூட்டிய படகு, படகே இல்லாத நிலையிலும் ஆபத்தானது. ஏனெனில் அது மக்களை நம்ப வைத்து நடு வெள்ளத்தில் கைவிட்டு விடும்.

படகின் தன்மை

மீனவர்கள் பயன்படுத்தும் 18 அடிக் கண்ணாடியிழைப் படகு உறுதியானது. ஆனால் அதனைக் கிராமத்துக்குள் கொண்டு செல்ல லொறியும் பலருடைய தோள்வலுவும் தேவை. மூன்றரை மீற்றர் நீளமுள்ள இறப்பர் படகையோ மடித்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றலாம். தேவையான இடத்தில் காற்றடித்து இறக்கலாம். ஒரு பக்கமாக ஆட்கள் பற்றி ஏறினாலும் அது எளிதில் கவிழ்வதில்லை. பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஓர் அறை கிழிந்தாலும் உடனே மூழ்குவதுமில்லை.

எனினும் நமது வெள்ளம் வெறுமனே நீர் அல்ல. முட்கம்பி வேலி, பனைமட்டையின் கருக்கு, கழன்ற தகரம், முறிந்த கிளை ஆகிய யாவும் நீருக்கடியில் மறைந்திருக்கும். ஆகவே இறப்பர் படகை வேகமாக ஓட்டுவது எப்போதும் விரும்பத்தக்கதல்ல. இயந்திரத்தின் வலு வேகத்துக்காக அன்றி, நீரோட்டத்தை எதிர்த்துச் செல்வதற்காகவே தேவைப்படுகின்றது என்பதை முதலில் மனதிற்கொள்ள வேண்டும்.

தகட்டைப் படிக்க வேண்டும்

தரமான இறப்பர் படகு ஒவ்வொன்றினதும் பின்பலகையிலோ உட்புறத்திலோ ஒரு தகடு ஒட்டப்பட்டிருக்கும். ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை, மொத்த நிறை, பொருத்தக்கூடிய அதிகூடிய இயந்திர வலு, குழாய்களின் காற்றழுத்தம் ஆகியன அதிற் குறிக்கப்பட்டிருக்கும். காற்றடைத்த படகுகளுக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 6185 ஆகும். அந்நியமம் 4.5 கிலோவாற்று வரையான வலுவுடைய படகுகளை ஒரு பிரிவாகவும், 4.5 முதல் 15 கிலோவாற்று வரையானவற்றை வேறொரு பிரிவாகவும் வகுக்கின்றது. ஒரு குதிரைவலு என்பது ஏறத்தாழ முக்கால் கிலோவாற்று. ஆகவே முதற்பிரிவுப் படகு சுமார் 6 குதிரைவலுவுக்கும், இரண்டாம் பிரிவுப் படகு சுமார் 20 குதிரைவலுவுக்கும் உட்பட்டதாகும்.

இத்தகடு இல்லாத படகை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், மீட்புப் பணிக்கு வாங்கலாகாது. தகட்டிற் குறித்த அளவை மீறிய இயந்திரத்தைப் பூட்டினால் பின்பலகை கழன்று வரக்கூடும். வெறும் படகை முடுக்கும்போது முன்பகுதி உயர்ந்து பின்புறமாகக் கவிழவும் கூடும்.

சுமை பற்றிய கணக்கையும் முன்கூட்டியே செய்து வைத்தல் வேண்டும். ஒரு படகின் தகட்டில் 6 பேர், 600 கிலோகிராம் எனக் குறிக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். இயந்திரத்துக்கு 40 கிலோ, எரிபொருளும் தாங்கியுமாக 12 கிலோ, துடுப்பு, கயிறு, நங்கூரம் முதலியவற்றுக்கு 20 கிலோ, படகோட்டிகள் இருவருக்கு 140 கிலோ எனக் கழித்தால் எஞ்சுவது 388 கிலோ. நிறையின்படி ஐவரை ஏற்றலாம் போற் தோன்றும். ஆனால் ஆட்களின் எண்ணிக்கைப்படி நால்வருக்கே இடமுண்டு. இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை.

எத்தனை குதிரைவலு?

சிறிய இயந்திரங்களை மூன்று வகுப்புகளாகக் கொள்ளலாம். முதலாவது 2 முதல் 3 வரையான குதிரைவலு உடையவை. இரண்டாவது 4 முதல் 6 வரையானவை. மூன்றாவது 8 முதல் 10 வரையானவை. அதற்கு மேற்பட்ட 15, 20 குதிரைவலு இயந்திரங்கள் பெரும்பாலும் பெரிய படகுகளுக்கே உரியன.

நீரைக் கிழித்துச் செல்லும் எந்தப் படகுக்கும் அதன் நீளத்துக்கேற்ப ஓர் இயல்பான வேக எல்லை உண்டு. மூன்றரை மீற்றர் படகுக்கு அது மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர். இவ்வெல்லையைத் தாண்ட வேண்டுமாயின் படகு நீரின் மேல் எழுந்து வழுக்கிச் செல்ல வேண்டும். அவ்வாறு எழுவதற்குப் பெருமளவு மேலதிக வலு தேவை. இரண்டரைக் குதிரைவலு இயந்திரத்தால் அது இயலாது. 6 குதிரைவலு இயந்திரம் ஒருவர் மட்டும் இருந்தால் எழுப்பக்கூடும். 8 முதல் 10 வரையான குதிரைவலுவுடையது இருவரோடு எழுப்பும். ஆனால் ஐந்தாறு பேர் ஏறியதும் 10 குதிரைவலு இயந்திரம் பூட்டிய படகும் பழைய எல்லைக்குள்ளேயே வந்து விடும். விற்பனையாளர் கூறும் வேகம் பெரும்பாலும் ஓராள் ஏறிய படகின் வேகமாகும். மீட்புப் படகோ சுமையோடு வருவதற்கென்றே செல்கின்றது.

இதனை நீரோட்டத்தோடு ஒப்பிட்டு நோக்கினால் உண்மை விளங்கும். வயல்வெளியில் தேங்கிய நீர் அசைவற்றது. அங்கே இரண்டரைக் குதிரைவலு போதுமானது. வீதியைக் குறுக்கறுத்துப் பாயும் நீர் செக்கனுக்கு ஒன்றரை மீற்றர் வேகத்தில் ஓடுமாயின் அது மணிக்கு 5.4 கிலோமீற்றர் ஆகும். மணிக்கு 8 கிலோமீற்றர் செல்லும் படகு அதனை எதிர்த்து மணிக்கு 2.6 கிலோமீற்றரே முன்னேறும். ஒரு கிலோமீற்றரைக் கடக்க 23 நிமிடங்கள் எடுக்கும். ஆற்றங்கரையிலும் உடைப்பெடுத்த குளக்கட்டின் அருகிலும் செக்கனுக்கு மூன்று மீற்றர் வேகத்தில் நீர் பாயும்போது அது மணிக்கு 10.8 கிலோமீற்றர் ஆகி விடுகின்றது. அங்கே அதே படகு முழு வேகத்தில் ஓடியும் பின்னோக்கியே அடித்துச் செல்லப்படும்.

ஆகவே மூன்றரை முதல் நான்கு மீற்றர் வரையான மீட்புப் படகுக்கு, தகடு அனுமதிக்குமாயின், 8 முதல் 10 வரையான குதிரைவலுவே தகுந்த தெரிவாகும். மூன்று மீற்றருக்குக் குறைந்த படகுக்கு 4 முதல் 6 வரை போதும். ஆனால் அதனை ஓடும் வெள்ளத்தில் இறக்கலாகாது. இரண்டரைக் குதிரைவலு இயந்திரத்தைத் தேங்கிய நீரில் உணவுப்பொதி கொண்டு செல்வதற்கு மாத்திரம் பயன்படுத்தலாம். 10 குதிரைவலு பூட்டிய சிறு படகும் பெருக்கெடுத்த ஆற்றுக்கு உரியதல்ல. அது பயிற்சி பெற்ற படையினருக்கும் பெரிய படகுகளுக்கும் உரிய களமாகும்.

தூக்கிச் செல்லும் நிறை

வலு கூடக் கூட நிறையும் கூடுகின்றது. நாலடிப்பு இயந்திரங்களில் இரண்டரைக் குதிரைவலுவுடையது 13 முதல் 18 வரையான கிலோகிராம் நிறையுடையது; ஒருவர் கையில் எடுத்துச் செல்லலாம். 4 முதல் 6 வரையான குதிரைவலுவுடையது சுமார் 25 கிலோ. உடற்பலமுள்ள ஒருவர் தூக்கலாம். 10 குதிரைவலுவை அண்டியது 37 முதல் 45 வரையான கிலோ, இருவர் வேண்டும். 15 குதிரைவலுவுடையது 45 முதல் 52 வரையான கிலோவாகும். முழங்காலளவு நீரில், சேற்றில், இருளில் நின்று இயந்திரத்தைப் பின்பலகையில் மாட்ட வேண்டியிருக்கும் என்பதை நினைத்தே நிறையைத் தீர்மானிக்க வேண்டும். சங்கத்தில் எப்போதும் இருக்கக்கூடிய இருவரால் தூக்க முடியாத இயந்திரம் அச்சங்கத்துக்குரியதல்ல.

ஈரடிப்பா, நாலடிப்பா?

ஈரடிப்பு இயந்திரம் நிறை குறைந்தது; பாகங்கள் குறைவு; திருத்துவது எளிது. நமது மீனவர்கள் பலருக்கும் கைவந்தது. ஆனால் பெற்றோலுடன் எண்ணெயை அளந்து கலக்க வேண்டும். 50க்கு ஒன்று என்ற விகிதமாயின் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய். அவசரத்தில் எண்ணெய் கலவாத பெற்றோலை ஊற்றி விட்டால் சில நிமிடங்களிலேயே இயந்திரம் இறுகி நின்று விடும். எரிபொருட் செலவும் புகையும் அதிகம்.

நாலடிப்பு இயந்திரத்துக்கு நேரடியாகப் பெற்றோல் ஊற்றலாம். வீதியில் நிற்கும் மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த பெற்றோலும் உதவும். மெதுவான வேகத்தில் தடுமாறாது ஓடும்; சத்தம் குறைவாதலால் கூரைமேல் நின்று உதவி கோருவோரின் குரலும் கேட்கும். ஆனால் நிறை அதிகம். குறிக்கப்பட்ட பக்கமாகவே படுக்க வைக்க வேண்டும். அன்றேல் எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்து விடும். நீரில் மூழ்கினால் எண்ணெயையும் முழுமையாக மாற்ற வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை மீட்புக்குத் தெரிவு செய்வது உகந்ததல்ல. அதனைப் பெற்றோலில் தொடக்கிப் பின்னர் மாற்ற வேண்டும். மெதுவாக ஓடுகையில் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். மலிவான எரிபொருள் என்ற காரணமும் பழைய வலிமையோடு இல்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றரொன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதை மீனவ சமூகம் மறந்திருக்காது.

பொதுவாக நோக்குமிடத்து, புதிதாக வாங்கும் சங்கத்துக்கு நாலடிப்பே ஏற்றது. ஆயினும் அருகிலுள்ள மீன்பிடித் துறையில் எந்த வகை இயந்திரத்துக்கு உதிரிப்பாகமும் திருத்துநரும் கிடைக்கின்றனவோ அவ்வகையைத் தெரிவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. வெளிநாட்டிலிருந்து அன்போடு அனுப்பப்பட்ட இயந்திரம் ஒரு சிறு பாகத்துக்காக ஆண்டுக்கணக்கில் மூலையிற் கிடக்கலாகாது.

தண்டும் விசிறியும்

இயந்திரத் தண்டு குறுகியது, நீண்டது என இரு அளவுகளில் வருகின்றது. குறுகியது 15 அங்குலம்; நீண்டது 20 அங்குலம். சிறிய இறப்பர் படகுகளின் பின்பலகை பெரும்பாலும் குறுகிய தண்டுக்கே அமைக்கப்பட்டிருக்கும். வாங்குமுன் பின்பலகையின் உயரத்தை அளந்து பார்க்க வேண்டும். விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாக, அல்லது ஓர் அங்குலம் கீழே நிற்பதே சரி. அதற்கு மேலே நின்றால் விசிறி காற்றை இழுத்து வீணே சுழலும். மிகக் கீழே நின்றால் வேகம் குறைவதோடு வேலிக்கம்பியிலும் வரம்பிலும் சிக்கும்.

விசிறியின் சுருதி எனப்படுவது, ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரமாகும். சுமையேற்றும் படகுக்குச் சுருதி குறைந்த விசிறியே ஏற்றது. இயந்திரத்தோடு வரும் விசிறி வேகத்துக்கானதாயின், சுருதி குறைந்த வேறொன்றைக் கேட்டு வாங்குதல் நன்று. மேலதிக விசிறியொன்றும், அதனைப் பிடித்திருக்கும் பின்களும் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். மரக்கட்டையில் விசிறி மோதினால் இயந்திரத்தைக் காப்பதற்காக முறிவது அச்சிறு பின்தான்.

இரண்டரைக் குதிரைவலு வகுப்பிலுள்ள பல இயந்திரங்களுக்குப் பின்னோக்கிச் செலுத்தும் கியர் இல்லை. இயந்திரத்தையே முழுவதுமாகத் திருப்ப வேண்டும். வீட்டு முற்றத்துக்குள்ளும் மரங்களுக்கிடையிலும் நுழைந்து திரும்ப வேண்டிய பணிக்கு முன், நடு, பின் என மூன்று நிலைக் கியர் அவசியம். இக்காரணத்தாலும் நான்கு குதிரைவலுவுக்கு மேற்பட்டதே பொருந்தும்.

எரிபொருட் கணக்கு

10 குதிரைவலுவுள்ள நாலடிப்பு இயந்திரம் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ நான்கு லீற்றர் பெற்றோலை எரிக்கும். 12 லீற்றர் தாங்கி மூன்று மணித்தியாலங்களுக்குப் போதும். இரண்டரைக் குதிரைவலு இயந்திரத்தின் உள்தாங்கி சுமார் ஒரு லீற்றரே கொள்ளும். ஒரு மணித்தியாலத்தில் தீர்ந்து விடும். ஓடும் நீரில் படகை நிறுத்தி எரிபொருள் ஊற்றுவது ஆபத்தானது. ஆகவே வெளித்தாங்கி பொருத்தக்கூடிய இயந்திரத்தையே தெரிய வேண்டும்.

எரிபொருளில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, மூன்றிலொரு பங்கு வருவதற்கு, எஞ்சியது சேமிப்புக்கு என்பது கடலோடிகள் கடைப்பிடிக்கும் பழைய விதி. வெள்ளத்துக்கும் அது பொருந்தும். மணிக்கு 12 கிலோமீற்றர் செல்லும் படகு, மணிக்கு 6 கிலோமீற்றர் ஓடும் நீரை எதிர்த்து மூன்று கிலோமீற்றர் செல்ல 30 நிமிடங்கள் எடுக்கும். நீரோடு திரும்ப 10 நிமிடங்களே எடுக்கும். முதலில் நீரோடு சென்று பின்னர் சுமையோடு எதிர்த்து வர வேண்டியிருந்தால் கணக்குத் தலைகீழாகும். சுமையேறியதும் வேகம் குறைவதால் அந்த 30 நிமிடங்களும் போதாமற் போகும்.

மின்கலத்தில் ஓடும் இயந்திரங்களும் தற்போது கிடைக்கின்றன. சத்தமில்லை, பழுது குறைவு. ஆனால் ஒரு கிலோவாற்று வலுவுடைய இயந்திரத்துக்கு ஒன்றேகால் கிலோவாற்று மணி மின்கலம் இருந்தால் முழு வேகத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் மாத்திரமே ஓடும். வெள்ளத்தில் முதலில் துண்டிக்கப்படுவது மின்சாரமே என்பதால், தற்போதைக்கு அவற்றை மீட்புக்கான முதன்மை இயந்திரமாகக் கொள்ள இயலாது.

பராமரிப்பு

ஆண்டில் பதினொரு மாதங்கள் சும்மா இருக்கும் இயந்திரம் பன்னிரண்டாம் மாதத்தில் இயங்க மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது பழைய பெற்றோலே. காபரேட்டரில் தங்கிய பெற்றோல் ஆவியாகிப் பிசினாக மாறி நுண்துளைகளை அடைத்து விடுகின்றது. பயன்படுத்திய பின்னர் காபரேட்டரை வடித்து விட வேண்டும். மாதமொரு முறை பீப்பாயில் நன்னீர் நிரப்பி இயந்திரத்தைப் பத்து நிமிடங்கள் ஓட விட வேண்டும். யார் எப்போது ஓட விட்டார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி ஒப்பமிடுவது நல்ல வழக்கம்.

நீரால் குளிராக்கப்படும் இயந்திரங்களின் பக்கத்தில் ஒரு சிறு துவாரத்தினூடாக நீர் பீச்சியடிக்கும். வெள்ளநீரிலுள்ள வைக்கோலும் சல்வீனியாவும் பொலித்தீனும் நீரை உள்ளெடுக்கும் துளைகளை அடைத்தால் இப்பீச்சல் நின்று விடும். அதனைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தித் துப்புரவு செய்யாவிடின் இயந்திரம் வெந்து போகும். சேறும் மணலும் தண்ணீர்ப் பம்பியின் இறப்பர் இதழ்களைத் தேய்ப்பதால் ஒவ்வொரு மழைக்காலத்தின் பின்னரும் அவற்றைச் சோதிக்க வேண்டும்.

பழைய இயந்திரம் வாங்குவோர் மூன்று சோதனைகளைத் தவிர்க்கலாகாது. குளிர்ந்த நிலையில் தாமே கயிற்றை இழுத்துத் தொடக்கிப் பார்த்தல் முதலாவது. நீர்ப் பீச்சல் சீராக உள்ளதா எனப் பார்த்தல் இரண்டாவது. கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தல் மூன்றாவது. அவ்வெண்ணெய் பால் போல வெளிறியிருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்பது பொருள்.

படகோட்டி அறிய வேண்டியவை

இயந்திரத்தை உடனடியாக நிறுத்தும் கயிறு படகோட்டியின் மணிக்கட்டிலோ காலிலோ மாட்டப்பட்டிருக்க வேண்டும். அவர் நீரில் வீழ்ந்தால் இயந்திரம் நின்று விடும். அன்றேல் ஆளில்லாப் படகு வட்டமிட்டு வீழ்ந்தவரையே தாக்கும். நீரில் இருப்பவரை அணுகும்போது விசிறி சுழலலாகாது. துடுப்பால் அணுகி ஏற்றுவதே முறை. அரை மீற்றருக்குக் குறைந்த ஆழத்திலும் இயந்திரத்தை உயர்த்தித் துடுப்பையே பயன்படுத்த வேண்டும். வான் பாயும் கலிங்குக்கோ அணைக்கட்டுக்கோ அருகில் செல்லலாகாது. அதன் கீழே சுழலும் நீர் படகையும் விடாது. அறுந்த மின்கம்பிகள் குறித்து மின் விநியோகத்துக்குப் பொறுப்பானவர்களின் உறுதிப்பாடு கிடைக்கும் வரை அவ்வீதிகளைத் தவிர்த்தல் வேண்டும். ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி அவசியம். இயந்திரத்துக்கே பணம் முழுவதையும் செலவிட்டு அங்கி வாங்காது விடும் சங்கம் தன் கடமையைச் செய்ததாகாது.

சங்கங்கள் தம்மிடமுள்ள படகு, இயந்திரம், பயிற்சி பெற்றோர் ஆகிய விபரங்களைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திடமும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்தால், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்துக்கு அழைப்பு வரும்போது அருகிலுள்ள படகை அனுப்புவது எளிதாகும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அரச கட்டமைப்பை உருவாக்கியது. அக்கட்டமைப்பு கிராமத்தின் கடைசி ஒழுங்கை வரை சென்றடைவதற்குக் கிராமத்தவரின் ஆயத்தமும் வேண்டும்.

ஆகவே நிதி சேர்ப்போரும் நிதி வழங்குவோரும் இயந்திரத்தின் வலுவை மாத்திரம் கேளாது, படகின் தகடு என்ன கூறுகின்றது, எத்தனை பேர் தூக்க வேண்டும், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், யார் ஓட்டப் பழகியுள்ளனர் ஆகிய நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும். ஒக்டோபர் மழைக்கு முன்னர் இவற்றுக்கு விடை கண்டுவிட்ட கிராமம், வெள்ளம் வரும் இரவில் பிறர் வரவைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.